அத்தியாயம் 6: ரிச்சி தெருவுக்குக் கிளம்புமுன்

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, எடிட்டிங்குக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?" விஸ்காம் சேர்ந்த பையன் கேட்பான். பி.காம். படித்துக்கொண்டே யூட்யூப் சேனல் நடத்துகிற பெண் கேட்பாள். சில சமயம் பணம் கொடுக்கப்போகிற அப்பாவே கேட்பார். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "எதுல ஷூட் பண்றே?" அநேகமாக அந்தப் பக்கம் சத்தம் இருக்காது. கணினி வாங்கக் கேட்டால் இவர் ஏன் கேமராவுக்குப் போகிறார் என்று யோசிப்பார்கள்.

காரணம் இருக்கிறது. ஒரு லட்ச ரூபாய்க் கணினியைத் திணறவைக்கிற ஃபுட்டேஜ் உண்டு. ஆறு வருடப் பழைய கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடுகிற ஃபுட்டேஜும் உண்டு. இரண்டுமே 4கேயாக இருக்கலாம். படத்தின் அளவைவிட, அதை எப்படிச் சுருக்கி மடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கணினிக்கு வேலை வைக்கிறது. அந்த மடிப்புக்குப் பெயர் கோடெக். இதைப் புரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதுதான் நல்ல கணினி.

அண்ணாச்சி கடை நோட்டு

மாதக் கடன் வைத்து மளிகை வாங்கும் வீட்டில் அண்ணாச்சி ஒரு நோட்டுப் போட்டிருப்பார். முதல் தேதி பழைய பாக்கி முழுதாக எழுதியிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அன்று வாங்கியதை மட்டும் எழுதுவார்: எண்ணெய் அரை லிட்டர், துவரம்பருப்பு கால் கிலோ. நோட்டில் இடம் மிச்சம். ஆனால் பதினேழாம் தேதி பாக்கி எவ்வளவு என்று கேட்டால், முதல் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால்தான் சொல்ல முடியும்.

எச்.264, எச்.265 இரண்டும் இந்த நோட்டு மாதிரிதான். ஒரு ஃப்ரேமை முழுதாகச் சேமிக்கும். அடுத்து வரும் பல ஃப்ரேம்களுக்கு என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிவைக்கும். படம் பார்ப்பவருக்கு இதில் தொல்லை இல்லை, வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகலாம். எடிட்டருக்குத்தான் தொல்லை. அவர் பதினேழுக்குப் போவார், ஒன்பதுக்குத் திரும்புவார், இருபத்திரண்டில் வெட்டுவார். ஒவ்வொரு தாவலுக்கும் கணினி பின்னால் போய்க் கூட்ட வேண்டியிருக்கிறது. டைம்லைன் ஸ்டக் ஆவதன் பாதி ரகசியம் இதுதான். புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்றவை ஒவ்வொரு பக்கத்திலும் முழுப் பாக்கியையும் எழுதிவைக்கிற நோட்டுகள். நோட்டு தடிமனாகும். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பதில் தயார்.

இந்தக் கூட்டல் வேலைக்கென்றே செயலிக்குள்ளும் கிராஃபிக்ஸ் சில்லுக்குள்ளும் தனிப் பகுதி உண்டு. உங்கள் கேமரா எழுதும் நோட்டைப் படிக்க அந்தப் பகுதிக்குத் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் பாரம் முழுக்கச் செயலியின் தலையில் விழும், மின்விசிறி ஆட்டோ மாதிரி இரையும்.

மாணவர்கள் கையில் அதிகம் பார்க்கும் சோனி இசட்வி-இ10, 8 பிட் எச்.264ல் பதிகிறது. இதை ஏறக்குறைய எல்லாக் கணினியும் படிக்கும். அதே சோனியின் எஃப்எக்ஸ்30ஐ வாடகைக்கு எடுத்து 10 பிட் 4:2:2 எச்.265ல் ஷூட் செய்துகொண்டு வந்தால் கதை வேறு. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் உள்கட்டமைப்பு கிராஃபிக்ஸ் இதைப் படிக்கும். ஆப்பிளின் எம்1 முதல் எல்லாச் சில்லுகளும் படிக்கும். ஆனால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகள் 4:2:2வைப் படிக்காது. 2025ல் வந்த 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. ஆகவே விலை கூடிய 40 வரிசைக் கார்டு போட்டும் டைம்லைன் நகரவில்லை என்று புலம்புகிற பையன் பொய் சொல்லவில்லை.

போனில் எடுப்பவர்களுக்கு வேறு சிக்கல். போன்கள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதியும். தனியாக மைக்கில் பதிந்த ஒலியோடு சேர்த்தால் பத்தாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். இதற்குப் புதுக் கணினி வாங்கிப் பயனில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கை ஆரம்பியுங்கள்.

கோடம்பாக்கம் நெகட்டிவில் கை வைத்ததில்லை

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்குமென்றால் இது நிற்கட்டும். ஃபிலிம் காலத்தில் எந்த எடிட்டரும் நெகட்டிவை நேரடியாக வெட்டியதில்லை. லேபிலிருந்து ஒரு ரஷ் பிரிண்ட் வரும். மூவியோலாவில் அதைத்தான் வெட்டி ஒட்டுவார்கள், கீறல் விழுந்தாலும் கவலை இல்லை. படம் முடிவான பிறகு, அந்த பிரிண்டைப் பார்த்து அதே இடங்களில் நெகட்டிவை வெட்டுவார்கள். 1990களில் அவிட் சென்னைக்கு வந்தது. கமல்ஹாசன் நடித்த 'மகாநதி' (1994) அவிட்டில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்று சொல்வதுண்டு. அப்போதும் வழக்கம் மாறவில்லை. ஹார்ட் டிஸ்க் அன்று தங்கம் மாதிரி. அதனால் படத்தைத் தரம் குறைத்து ஏற்றி எடிட் செய்துவிட்டு, கடைசியில் நெகட்டிவுக்குப் போனார்கள். ஹாலிவுட்டில் வால்டர் மர்ச் 'கோல்டு மவுன்டன்' (2003) படத்தைக் கடையில் எவரும் வாங்கக்கூடிய பவர் மேக் ஜி4 கணினிகளில் ஃபைனல் கட் புரோ போட்டுத் தொகுத்தார். எடிட்டிங்குக்கான ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. இன்றைய இருபத்தைந்தாயிரம் ரூபாய் லேப்டாப், வேகத்தில் அந்த ஜி4ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ரஷ் பிரிண்டின் இன்றைய பெயர் ப்ராக்ஸி. 4கே ஃபுட்டேஜை 720பி அளவில், புரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி வடிவில், இரவோடு இரவாகக் கணினியே மாற்றிவைக்கும். நீங்கள் அதில் வெட்டுகிறீர்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் தானாக அசலுக்குப் போய்விடும். பிரீமியர், டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. கேடென்லைவ், ஷாட்கட் போன்ற இலவச மென்பொருள்களிலும் உண்டு. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' காலத்தில் கேனான் 5டி, 7டியில் எடுத்தவர்களும் அந்த எச்.264 கோப்புகளை ராத்திரி மாற்றப் போட்டுவிட்டுத்தான் தூங்கப் போனார்கள்.

இதைச் சொன்னால் சில மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ப்ராக்ஸி என்றால் காசில்லாதவன் வேலை என்று ஒரு நினைப்பு. அந்தக் கூச்சத்துக்காக நாற்பதாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் ஒரு நல்ல மைக்கும் இரண்டு ஷூட்டிங் நாளும் வந்திருக்கும்.

வீடா, மேன்ஷனா

லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்பதை நீங்கள் தங்கியிருக்கும் இடம் தீர்மானிக்கட்டும். மந்தைவெளியிலோ மேற்கு மாம்பலத்திலோ சொந்த வீட்டில் இருந்து கல்லூரி போய் வருகிறீர்கள், எடிட்டிங் ராத்திரி வீட்டில்தான் என்றால் டெஸ்க்டாப் வாங்குங்கள். அதே பணத்துக்கு ஒன்றரை மடங்கு வேலை வாங்கலாம். மூன்று வருடம் கழித்து ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ அடையாறில் பிஜியிலோ நாலு பேரோடு அறையைப் பகிர்பவருக்கு டெஸ்க்டாப் தொல்லை. வாடகை வீட்டில் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வாங்குவார். டெஸ்க்டாப் ரெண்டர் செய்யும்போது 300 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். படம் முடிகிற மாதத்தில் கணக்கு தெரியும்.

டெஸ்க்டாப் வாங்கினால் யுபிஎஸ் கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டி அறிவித்து வரும், பரவாயில்லை. மழைக்கு முன் காற்றடிக்கும்போது கரன்ட் போய்ப் போய் வருமே, அதுதான் டிஸ்க்கைத் தின்றுவிடும். கடையில் 600 விஏ யுபிஎஸ் ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு அது போதாது, 1000 அல்லது 1100 விஏ வாங்குங்கள். அதில் உட்கார்ந்து எடிட் செய்ய வேண்டாம். சேவ் செய்து அணைக்க நேரம் கிடைத்தால் போதும்.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ரிவ்யூ வீடியோக்களில் லேப்டாப்பைச் சோதிப்பவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கத்திரியில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் ஃபேன் காற்றே அனலாக வரும். செயலி 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெலிந்த அழகான லேப்டாப்புகள் இதில் முதலில் மூச்சு வாங்கும். என் அனுபவத்தில் நானூறு ரூபாய் ஸ்டாண்ட் ஒன்றில் பின்பக்கத்தைத் தூக்கி வைத்து, எதிரே டேபிள் ஃபேன் வைப்பது, விலை உயர்ந்த கூலிங் பேடைவிட நன்றாக வேலை செய்கிறது. பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் கடலுக்கு அருகே இருப்பவர்கள் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காற்றுதான் கேபினெட்டுக்குள்ளும் போகிறது. ஜன்னலோரம் வைக்காதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள்.

கேபினெட்டைத் தரையில் வைப்பதும் வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்துக்குள் வந்தபோது தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் துணிமணி எடுக்கவே நேரமில்லை. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் நின்ற தண்ணீரும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் அதற்குப் பிந்தியவை. மேசைமேல் ஒன்றரை அடி இடம் ஒதுக்குவதில் என்ன குறைந்துவிடும்?

பெட்டிக்குள்ளே

முதலில் ராம். 16 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள். 4கேயும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் உண்டென்றால் 32. முன்பெல்லாம் "8 வாங்கிக்கோ, அப்புறம் போட்டுக்கலாம்" என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. ஏஐ சர்வர்களுக்கு நினைவகச் சில்லுகள் திரும்பியதால் 2025 கடைசியில் ராம் விலை எகிறிவிட்டது. தவிர, மெலிந்த லேப்டாப்புகள் பலவற்றில் ராமைப் போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்டவே முடியாது. கடையில் இருக்கும் டெமோ கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி பக்கத்துக்குப் போனால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ஒரு நிமிட வேலை.

செயலியில் விற்பனையாளர்கள் ஐ5, ஐ7 என்றுதான் பேசுவார்கள். உங்கள் கண் கடைசி எழுத்தில் இருக்கட்டும். லேப்டாப்பில் 'எச்' என்று முடிவது உழைக்கிற ஜாதி, 'யு' என்று முடிவது பேட்டரி மிச்சம் பிடிக்கிற ஜாதி. ரைசனில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. 7520யு என்று 7இல் தொடங்குவதால் புதிது என்று நினைப்போம். ஆனால் மூன்றாவது இலக்கத்தில் இருக்கும் 2, உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு என்று சொல்கிறது.

டெஸ்க்டாப்பில் இன்னொன்று, இதற்காகவே இந்த அத்தியாயத்தை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். கேமிங் பிசி போடுகிறவர்கள் எல்லாரும் இன்டெல்லில் 'எஃப்' என்று முடியும் செயலியைப் பரிந்துரைப்பார்கள், 12400எஃப் மாதிரி. விலை கொஞ்சம் குறைவு. "தனி கிராஃபிக்ஸ் கார்டு போடறோமே தம்பி, உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் எதுக்கு?" என்பார் கடைக்காரர். அவர் கேம் விளையாடுபவரை மனதில் வைத்துச் சொல்கிறார், அந்த வகையில் சரி. எடிட்டருக்குச் சரியில்லை. முன்னே சொன்ன நோட்டு படிக்கும் பகுதி, குவிக் சிங்க், அந்த உள் கிராஃபிக்ஸில்தான் இருக்கிறது. 'எஃப்' வாங்கினால் அது கிடையாது. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து, 10 பிட் 4:2:2வைப் படிக்கத் தெரிந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். 'எஃப்' இல்லாததைக் கேளுங்கள். ஸ்டாக் இல்லை என்றால் அடுத்த கடை.

கிராஃபிக்ஸ் கார்டு எவ்வளவு தேவை என்பது நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது. வெட்டி ஒட்டி, கொஞ்சம் கலர், பாட்டு என்றால் சாதாரணக் கார்டு போதும். டாவின்சியில் உட்கார்ந்து கலர் கிரேடிங், நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று போனால் கார்டுதான் எல்லாம். குறைந்தது 6 ஜிபி, முடிந்தால் 8 ஜிபி வி-ராம் பாருங்கள். லேப்டாப்பில் பெயரை நம்பாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை விற்கிறார்கள். பெரிய லேப்டாப்பில் இருக்கும் 4050, மெலிந்த லேப்டாப்பின் 4060ஐ முந்திவிடுவதும் உண்டு. என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் உண்மையான வாட் எழுதியிருக்கும்.

திரையைப் பற்றி விளம்பரத்தில் 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போடுவார்கள். 25 ஃப்ரேம் படம் வெட்டுகிறவருக்கு அது எதற்கு? சின்ன எழுத்தில் '45 சதவீத என்டிஎஸ்சி' என்று இருந்தால் வண்ணங்களில் மூன்றில் ஒரு பங்கு வராது. அந்தத் திரையில் பார்த்து நிறம் போதவில்லை என்று ஏற்றுவீர்கள். போனில் பார்த்தால் நாயகி வெற்றிலை போட்டதுபோல் இருப்பாள். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். லேப்டாப்பில் அது கிடைக்காவிட்டால், வீட்டில் ஒரு ஐபிஎஸ் மானிட்டர்.

இட வசதிக்குக் கணக்கு எளிது. 100 எம்பிபிஎஸ்ஸில் பதியும் 4கே, நிமிடத்துக்கு 750 எம்பி, மணிக்கு 45 ஜிபி. ஒரு குறும்படத்துக்கு ஆறு மணி நேர ரஷ் வந்தால் 270 ஜிபி. ஐபோனில் 4கே புரோரெஸ் என்றால் நிமிடத்துக்கே 6 ஜிபி. 512 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸும் மென்பொருளும் போக ஒரு படம்தான் நிற்கும். கணினிக்குள் 1 டிபி இல்லாவிட்டால் வெளியே ஒரு எஸ்எஸ்டி வேண்டும். அதோடு வரும் கேபிளைத் தொலைத்துவிட்டுப் போன் சார்ஜர் கேபிளைச் செருகாதீர்கள். முனை ஒரே மாதிரி இருக்கும், பெரும்பாலானவை பழைய யுஎஸ்பி 2 வேகம், விநாடிக்கு 40 எம்பியைத் தாண்டாது.

பேக்கப்புக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்று தனியாக. இதற்கான பணத்தைக் கடைக்குள் நுழையும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள், நூற்றுக்குப் பத்து. கடைக்குள் போனபின் அந்தப் பணம் எப்படியோ ஆர்ஜிபி விளக்காக மாறிவிடுகிறது. நான் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தேன். கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் அன்று நாள் முழுக்க எடுத்தது. டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தது, அவ்வளவுதான். அடுத்த விழாவுக்கு ஒரு வருடம் காத்திருந்தேன்.

மேக் பற்றி

விருப்பு வெறுப்பு இல்லாமல் சொன்னால், வீட்டில் ஒரு மானிட்டர் இருக்கிறவருக்கு மேக் மினிதான் இன்று பணத்துக்கு ஏற்ற எடிட்டிங் கணினி. 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்த எம்4 மேக் மினி 16 ஜிபி ராமோடு இந்தியாவில் 59,900 ரூபாய்க்கும், கல்விச் சலுகையில் 49,900க்கும் அறிமுகமானது. மின்சாரம் குறைவு, சத்தம் இல்லை, 10 பிட் 4:2:2 எல்லாம் படிக்கும். குறை, 256 ஜிபிதான் உள்ளே. ஆப்பிளிடம் கூடுதல் இடம் வாங்கும் விலைக்கு வெளி எஸ்எஸ்டி இரண்டு வாங்கலாம். வாங்குங்கள். பேட்டரியில் ஓடும்போதும் வேகம் குறையாதது மேக்புக்கின் பெரிய பலம், கேமிங் லேப்டாப்புகள் சார்ஜரைப் பிடுங்கியதும் படுத்துவிடும். ஆனால் மேக்புக் ஏரில் மின்விசிறி கிடையாது. நீண்ட எக்ஸ்போர்ட்டில், அதுவும் மே மாதத்தில், வேகம் இறங்கும். 8 ஜிபி பழைய எம்1 மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம்.

உங்கள் கல்லூரி லேபில் என்ன மென்பொருள் என்று முதலில் விசாரியுங்கள். ஃபைனல் கட்டில் செய்த ப்ராஜெக்டை லேபின் விண்டோஸ் கணினியில் திறக்க முடியாது. பிரீமியருக்கு மாத வாடகை உண்டு, மாணவர் சலுகையும் உண்டு. டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே ஒரு மாணவருக்கு நான்கு வருடம் போதும், அல்ட்ரா எச்டி வரை எக்ஸ்போர்ட் தரும். ஒரு எச்சரிக்கை: லினக்ஸில் அந்த இலவசப் பதிப்பு எச்.264 கோப்பைத் திறக்காது. காசு மிச்சம் என்று உபுண்டு போட்டுக்கொடுக்கும் கடைகளில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அரசு மடிக்கணினி கையில் இருந்தால்

2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கிய அக்கா அண்ணன்களின் கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி அல்லது டேப்லெட் என்று மறுபடி அறிவிப்பு வந்தது. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள கணினி ஒன்று அப்படி உங்கள் கைக்கு வந்திருந்தால், முதல் வருடம் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஃபுல் எச்டியில் எடுங்கள், வெளி எஸ்எஸ்டியில் ஃபுட்டேஜை வையுங்கள், ப்ராக்ஸி போட்டு ஷாட்கட்டிலோ கேடென்லைவிலோ வெட்டுங்கள். எங்கே தடுக்கிறது என்று தெரிந்த பிறகு வாங்குவதே சரியான வாங்கல்.

தெருவில் நடக்கும்போது

லேப்டாப்பை தி.நகர் ஷோரூம்களில் பார்த்து, கையில் எடுத்து, எடை பார்த்து, திரை பார்த்துவிடுங்கள். சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள், கூட்டமான பேருந்தில் தோளில் தொங்கப்போவது இரண்டும்தான். டெஸ்க்டாப் என்றால் ரிச்சி தெரு. ரேடியோ உதிரிப் பாகங்களில் ஆரம்பித்த அந்தத் தெருவில் இன்று கிடைக்காத கணினிப் பாகம் குறைவு. அடையாறு, மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது: கஸ்தூரிபா நகரிலோ திருமயிலையிலோ ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடக்கலாம். தரமணி திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கும் அதே தடம்தான். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையம்.

முதல் நாள் பணம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். என்னென்ன பாகம் வேண்டும் என்று மாடல் எண்ணோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குங்கள். "ஐ5, 16 ஜிபி, நல்ல போர்டு" என்று எழுதிக் கொடுப்பவரிடம் வாங்க வேண்டாம். எந்த போர்டு, எந்த எஸ்எம்பிஎஸ் என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் காசைக் குறைப்பது எஸ்எம்பிஎஸ்ஸில்தான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் வெடித்தால் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். பெயருள்ள கம்பெனியின் 80 பிளஸ் முத்திரை உள்ளது வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு விலை குறைவாகத் தெரிந்தால், அது கிரிப்டோ சுரங்கத்தில் இரவு பகல் ஓடியதாக இருக்கலாம். 2022 செப்டம்பரில் எதீரியம் முறையை மாற்றிக்கொண்டதும் அப்படிப்பட்ட கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. வாரன்டி மிச்சம் இல்லாமல் அதை வாங்குவது சூதாட்டம்.

கடைசியில் ஒரு குரல் மெல்லக் கேட்கும்: "பில் வேணுமா? பில் இல்லைன்னா குறைச்சுத் தரேன்." 18 சதவீத ஜிஎஸ்டி கண்ணை உறுத்தத்தான் செய்யும். அன்றைய வரி எனக்கும் உறுத்தியது, இருபது வருடம் முன்னால் அந்த வலையில் விழுந்தேன். எட்டாவது மாதம் போர்டு போனது. கடைக்காரர் என்னைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். செயலி பெட்டியோடு வரட்டும். பல பாகங்களுக்குக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டியிருக்கும், அது எங்கே என்று அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கணினி தயாரானதும் உங்கள் சொந்த ஃபுட்டேஜ் இரண்டு நிமிடம் பென்டிரைவில் கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்ற கட்டத்தில் கோடு எழும்பினால் சில்லு நோட்டைப் படிக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோடு தரையோடு கிடக்க, செயலி மட்டும் நூறைத் தொட்டால், பணம் கொடுக்கும் முன் காரணம் கேளுங்கள்.

சனிக்கிழமை காலை போவது நல்லது, மதியத்துக்குமேல் நடக்க இடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.